காஃபு ஆற்றுக்கு இந்தப் பக்கம்

முகென்யி பயப்படுகிற ஆள் இல்லை என்பது ஹோய்மா பக்கத்துக் காட்டெருமைகளுக்குக்கூடத் தெரியும். ஒருமுறை அவன் புகையிலை வாட்டும் கொட்டகைக்குள் ஆள் தொடைப் பருமனில் ஒரு நாகம் புகுந்துவிட்டது. வேறொருவன் என்றால் கொட்டகையையே கொளுத்தியிருப்பான். முகென்யி எங்கள் பங்குக் கோவிலின் உபதேசியார் அல்லவா, வாசலில் நின்றுகொண்டு அதற்குப் பத்துக் கட்டளைகளையும் உரக்கச் சொல்ல ஆரம்பித்தான். ஏழாவது கட்டளையிலேயே பாம்பு கிளம்பிவிட்டது. மிச்சம் மூன்றையும் அதன் பின்னாலேயே போய்ச் சொல்லி முடித்தான். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பாம்பின் முகத்தை நினைத்துப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

அந்த முகென்யி காஃபு ஆற்றுப் பாலத்தில் நனைந்த கோழிக்குஞ்சாக நடுங்கியதை நான் பார்த்தேன். இது நேரில் பார்த்தது.

வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் எங்கள் பங்கிலிருந்து கம்பாலாவை ஒட்டிய நமுகோங்கோவுக்கு நடைப்பயணம் கிளம்பும். ஜூன் பிறந்ததும், வேதத்தை விட மாட்டோம் என்று அங்கே நெருப்பில் வெந்த வேதசாட்சிகளுக்குத் திருநாள். நான் காலமெல்லாம் அந்த ஹோய்மா கம்பாலா சாலையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். என் பஸ்ஸுக்கு அந்தச் சாலை மனப்பாடம். ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு நான் தூங்கினாலும் அதுவே கிபோகாவில் நின்று ஆள் ஏற்றிக்கொள்ளும். காலுக்குத்தான் அந்தச் சாலை புதிது. பஸ்ஸில் போனால் அதில் எழுபது மேடு. நடந்து போனால் எழுநூறு. மழையில் நடந்து போனால், செம்மண் ஒரு அடிக்கு இரண்டு அடி பின்னால் இழுத்துவிடும். இரண்டு நாள் நடந்து நாங்கள் புறப்பட்ட இடத்துக்குப் பின்னால் போய்விட்டோமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

செல்போன் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை வீடு என்ன ஆயிற்று என்று தெரியாது.

முகென்யியும் அவன் மனைவி அட்யேரியும் நேர்ச்சைக்காக நடந்தார்கள். அட்யேரி என்பது அவள் செல்லப் பெயர். எங்கள் ஜனத்தில் பிறந்தபோது வைக்கிற பெயர் பள்ளிக்கூடத்துக்கும் போலீசுக்கும்தான். வாயில் வருவது செல்லப் பெயர். பெண்டாட்டி புருஷனை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். பிறந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்றால், எரிகிற அடுப்பை உதைத்துத் தள்ளினாள் என்று அர்த்தம். முகென்யிக்கு அத்வோகி. எனக்கு அராலி. அட்யேரியும் நானும் புள்ளிமான் குலம். ஆகவே அவள் எனக்குத் தங்கை, முகென்யி எனக்கு மச்சான். மச்சானைக் கேலி செய்வது எங்கள் பக்கம் உரிமை அல்ல, வேலை.

இரண்டு வருஷத்துக்கு முன் அட்யேரிக்கு இரட்டைப் பிள்ளை. ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டார்கள். ஆண் இசிங்கோமா, பெண் நியகாட்டோ. இரண்டையும் சேர்த்து ஒரு சுரைக்காய்க் குடுவையில் போட்டு மூடிவிடலாம், அவ்வளவுதான் இருந்தார்கள். 'இரண்டு வயது தாண்டினால் நானும் இவளும் நமுகோங்கோவுக்கு நடந்தே வருகிறோம்' என்று முகென்யி வேண்டிக்கொண்டான். தாண்டினார்கள். இப்போது அவர்கள் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால் அந்த வீட்டில் மறுநாள் அடுப்பு எரியாது.

ஆனால் ஒரு பாக்கி இருந்தது. இரட்டையர் பிறந்தால் ஆட்டம் போட வேண்டும். பெற்றவர்கள் காட்டுப் பாகல் கொடியை இடுப்பிலும் தலையிலும் சுற்றிக்கொண்டு ஆட, அப்பன் குலம் ஒரு பக்கமும் ஆத்தாள் குலம் மறுபக்கமும் நின்று ஒருவரை ஒருவர் பாட்டாலேயே கிழிக்க வேண்டும். என்ன பாட்டு என்று கேட்காதீர்கள். இடுப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் அதில் வரும், ஆள் பெயர் சொல்லி, அளவு சொல்லி. அதைக் கேட்டுத்தான் இரட்டையர் மனம் குளிரும். குளிரவில்லை என்றால் எரிப்பார்கள். முதலில் பெற்றவர்களின் தோல் வேகும். அப்போதும் புத்தி வரவில்லை என்றால் பிள்ளைகள் பறந்துபோய்விடுவார்கள். இரட்டையர் செத்தார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை, பறந்தார்கள் என்றுதான் சொல்வோம். சொல்லை மாற்றினால் பயம் குறையும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். குறையவில்லை.

உபதேசியார் வீட்டில் அந்தப் பாட்டா? முகென்யி ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டான். அவன் அம்மா அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், வாழைத்தோட்டத்தில் உருண்டாள். அட்யேரி அழவில்லை. இரண்டு வருஷமும் தினம் காலையில் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள்.

காஃபு ஆற்றுக்கு முந்தின ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்பும். சமையல்காரப் பெண்கள் மழையில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து போயிருந்தார்கள். அந்தப் புகையில் களியே தும்மியது. முகென்யி அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபம் வாசித்தான். விளக்கைத் தேடி உலகத்துப் பூச்சி எல்லாம் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் விளக்கடியிலேயே படுத்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் இருட்டுப் பக்கமாகச் சுருண்டோம்.

மறுநாள் காஃபுவைத் தாண்டினோம். இந்தக் கரை எங்கள் புன்யோரோ நாடு, அந்தக் கரை புகாண்டா நாடு. ஆளைவிட உயர்ந்த கோரை, நடுவில் பாலம், கீழே தேநீர் நிறத்தில் தண்ணீர். அதற்கும் மறுநாள் காலை எழுந்தபோது முகென்யியின் கழுத்தில், ஜெபமாலை கிடக்கும் இடத்தில், சூட்டுக்கோல் இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அதில் கொப்புளம். அட்யேரிக்கு முழங்கை மடிப்பில் அதே மாதிரி இரண்டு.

எங்களோடு மருந்துப் பெட்டியோடு வந்த சிஸ்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நைரோபி ஈ."

நைரோபி ஈ என்பது ஈயும் இல்லை, நைரோபிக்கும் அது போனதில்லை. சிவப்பும் கறுப்புமாய் எறும்பு மாதிரி ஒரு பூச்சி. விளக்குக்கு வரும். தூக்கத்தில் அதை நசுக்கினால் அதன் சாறு பட்ட இடம் ஒரு நாள் கழித்து வேகும்.

"முந்தா நேத்து விளக்குக்கிட்ட படுத்தீங்கல்ல? அப்ப நசுக்கியிருப்பீங்க," என்று சிஸ்டர் களிம்பு தடவினாள்.

"விளக்கு எல்லாருக்கும்தான் எரிஞ்சுது சிஸ்டர்," என்றாள் அட்யேரி.

"நீங்கதான பக்கத்துல இருந்தீங்க."

"அந்தப் பூச்சி எங்க ரெண்டு பேரை மட்டும் தேடி வந்துச்சே. யார் அனுப்பினது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பூச்சிய யாரும் அனுப்ப மாட்டாங்கம்மா."

"ஆத்தத் தாண்டினோம், எரியுது. தாண்டற வரைக்கும் எரியல. அது மட்டும் சொல்லுங்க, ஏன்?"

முகென்யி சிரித்தான். பெரிய சிரிப்பு, அன்று தங்கிய இடத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. "வேதசாட்சி லுவாங்காவை கால்ல இருந்து மேல மேல எரிச்சாங்க. அவரு முனகல. எனக்குக் கழுத்துல ஒரு கோடு. இதுக்குப் போய் சிஸ்டர தொந்தரவு பண்ற."

"நான் உன் கழுத்தப் பத்திப் பேசல அத்வோகி."

"வேற எதப் பத்தி?"

"உனக்குத் தெரியும்."

 பங்குக் கோவில் கொடியைத் தூக்கிக்கொண்டு முகென்யி முன்னால் போனான். அவள் பின்னால். மேட்டில் ஏறும்போதெல்லாம் அவள் நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் யானைப்புல். லாரிகள் சேற்றை வாரி எங்கள் மேல் பூசிவிட்டுப் போயின; மதியத்துக்குள் எல்லோரும் ஒரே நிறம், ஒரே முகம், யார் யார் என்று அறிய வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் அவளோடு சேர்ந்து நடந்தேன்.

"கால் வலிக்குதா தங்கச்சி?"

"அண்ணே, நியகாட்டோவுக்கு ராத்திரில மூக்கடைக்கும். அத்தைக்குக் காது கேக்காது."

"குகோன்சா இருக்கான்ல, உன் கொழுந்தன். பாத்துக்குவான்."

"அவனா? அவன் தூங்கினா வீட்டத் தூக்கிட்டுப் போலாம்." கொஞ்சம் நடந்தாள். "அண்ணே, முதல்ல தோல் வேகும், அப்புறம்தான் பறக்கும். எவ்வளவு நாள் கழிச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"சும்மா இரு. சிஸ்டர் சொன்னாங்கல்ல, பூச்சின்னு."

"நீ நம்பறியா?"

நான் பொய் சொல்வதில் கை தேர்ந்தவன். முப்பது பேர் உட்காரும் பஸ்ஸில் தொண்ணூறு பேரை ஏற்றிக்கொண்டு, இன்னும் இடம் இருக்கிறது என்று சொன்னவன். அன்றைக்குக் குனிந்து காலில் ஒட்டிய சேற்றை வழிக்க ஆரம்பித்தேன்.

மதியம் ஒரு மாமரத்தடியில் சாப்பாடு. மக்காச்சோளக் களி. தட்டோடு முகென்யி என்னிடம் வந்தான்.

"மச்சான், அட்யேரி எங்க?"

தண்ணீருக்குப் போயிருப்பாள் என்றேன். போகவில்லை. புதருக்குப் போயிருப்பாள் என்றார்கள். அங்கேயும் இல்லை. சமையல்காரப் பெண் ஒருத்தி சொன்னாள், "அவங்க ஒரு கரி லாரிய நிறுத்தி ஏறினாங்களே. ஹோய்மா பக்கம் போற லாரி. தண்ணி எடுக்கற மஞ்சக் கேனையும் எடுத்துட்டுப் போனாங்க."

முகென்யியின் கையில் களி உருண்டை இருந்தது. அதை அவன் தட்டில் வைக்கவில்லை, வாயிலும் போடவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு சாலைக்குப் போனான். கோவில் கொடியை யார் கையிலோ கொடுத்தான். யாரிடம் கொடுத்தான் என்று பிற்பாடு கேட்டால் அவனுக்கே தெரியவில்லை.

எதிரே வந்த பஸ்ஸை நான் மறித்தேன். ஓட்டியவன் ஒரு காலத்தில் என் கிளீனர். "ஏறு அண்ணே, நீ நடக்கறியா? உலகம் அழிஞ்சுபோச்சா?" என்று கத்தினான். அவனுக்குப் பதில் சொல்லக்கூட நேரமில்லை.

பஸ்ஸில் கோழிகள், ஒரு மெத்தை, இரண்டு ஆடு. முகென்யி ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளங்களை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். சிவப்பாக ஏதாவது கிடந்தால், சேறு பூசிய அட்யேரியோ என்று எழுந்துவிடுவான். ஒருமுறை அது காய்ந்த வாழையிலை. ஒருமுறை ஒரு நாய். மழை வலுத்தது. கண்ணாடி முழுக்க ஆறு ஓடியது.

"மச்சான்," என்றான். குரல் வேறாக இருந்தது.

"சொல்லு."

"எரியறது எங்களோட நின்னுடுமா? இல்ல, புள்ளைங்களுக்கும் வருமா?"

"நீதான சிரிச்ச?"

"சிரிச்சேன். கேக்கறேன், சொல்லேன்."

"பூச்சிடா அது."

"பூச்சிதான். எனக்குத் தெரியாதா? கொட்டகைல தினம் பாக்கறேன்." கழுத்தைத் தொட்டான், கையை உடனே எடுத்தான். "ஆனா ஏன் எங்க ரெண்டு பேர மட்டும்?"

அவன் அவளுடைய கேள்வியையே கேட்கிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை.  பத்துக் கட்டளையோடு பாம்பைத் துரத்தினவன் இப்படிக் கேட்டால், நானெல்லாம் எங்கே போவேன்?

"ஒரு சின்னச் சத்தம் கேட்டேன் மச்சான், நேத்து. ரெண்டு பறவ சேர்ந்து பறந்துச்சு. நாரை. ரெண்டே ரெண்டு."

"நாரை எப்பவும் ரெண்டாத்தான்டா பறக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்," என்றேன். எனக்கென்ன தெரியும் நாரையைப் பற்றி?

பாலத்துக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. தண்ணீர் சாலைக்கு ஏறியிருக்கிறது, பார்த்துத்தான் போகணும் என்றான் என் கிளீனர். நாங்கள் இறங்கி ஓடினோம். பட்டப்பகல், ஆனால் மேகம் கோரைத் தலையில் உட்கார்ந்திருந்தது. சதுப்புக்குள் எங்கோ பெரிதாக ஒன்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம். நீர்யானை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவளை இல்லை.

பாலத்தின் அந்தக் கோடியில், எங்கள் நாட்டுப் பக்கம், அட்யேரி நின்றிருந்தாள். இடுப்பில் காட்டுப் பாகல் கொடி. தலையில் ஒரு சுற்று. காலடியில் மஞ்சள் கேனும் இன்னொரு கொடிச் சுருளும். இரண்டு கையிலும் இரண்டு துணி மூட்டைகளைப் பிள்ளை மாதிரி அணைத்திருந்தாள். ஒன்று அவள் சால்வை, இன்னொன்று முகென்யியின் மாற்றுச் சட்டை.

நான் அந்த மூட்டைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

"அட்யேரி!" என்று ஓடினான் முகென்யி.

"முகென்யி!" என்றாள் அவள். "அங்கயே நில்லு."

அவன் பாலத்தின் நடுவில் நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவன் ஓடிவந்திருப்பான்.

"பயித்தியமா உனக்கு? நனையற. வா."

"நனையட்டும். எரியறது கொஞ்சம் அணையும்."

"சிஸ்டர் சொன்னாங்கல்ல..."

"சிஸ்டருக்குப் புள்ளயா குட்டியா? இந்தப் பக்கம் வர்றதுன்னா ஆடறதுக்கு வா. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆடினா நம்ம புள்ளைங்களுக்குக் கேக்காது. ஆட மாட்டேன்னா அப்படியே திரும்பி நமுகோங்கோ போ. போய் சாமியாரா ஆயிடு. பொண்டாட்டி, புள்ள எதுவும் வேணாம்."

"இந்த மாதிரி காரியம் எல்லாம் செய்ய மாட்டோம்னுதான் வேதசாட்சிங்க நெருப்புல வெந்தாங்க."

"அவங்க வெந்தாங்க. அவங்க உடம்பு. நீ யாரை வேக வெக்கற முகென்யி?"

ஆறு பாலத்துத் தூணில் மோதிச் சுழன்றது. முகென்யி ஆற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தாடை நடுங்கியது. அவன் கை கழுத்துக்குப் போனது. கொப்புளம் உடைந்து சட்டைக் காலரில் ஒட்டியிருந்தது.

"மச்சான், யாராவது பாத்தா..."

"யார்டா பாக்கப் போறா? நீர்யானையா? அது உன்னவிட மோசமா ஆடும்."

அவன் வந்தான். காலை எடுத்து எடுத்து வைத்து, ஆழம் பார்க்கிறவன் மாதிரி. பாலம் முடிந்து எங்கள் மண்ணில் கால் வைத்ததும் அட்யேரி கொடியை அவன் இடுப்பில் கட்டினாள். 

அவள் குலத்துக்கு நான் ஒருவன். அவன் குலத்துக்கு அவனே. கேனைக் கவிழ்த்து நான் தட்டினேன். பாட ஆரம்பித்தேன். மச்சானின் உலக்கையைப் பற்றியும், அது எந்த மழையில் நனைந்து எப்படி வளைந்தது என்பதைப் பற்றியும், அவன் அப்பாவின் உலக்கை அதைவிட எவ்வளவு சிறிது என்பதைப் பற்றியும் பாடினேன். மழையே வெட்கப்பட்டுக் கொஞ்ச நேரம் நின்றது. கோரைக்குள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த அந்தப் பெரிய பிராணி ஓடிப்போனது, எனக்கு நன்றாகக் கேட்டது.

"இப்ப நீ," என்றாள் அட்யேரி.

முகென்யி வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அவனுக்கு ஒரு கெட்ட வார்த்தையும் தெரியாது என்பதில்லை. இருபது வருஷம் புகையிலைச் சந்தையில் நின்றவன். அவனுக்குத் தெரியாதது மெட்டு. கோவில் பாட்டைத் தவிர அவன் தொண்டையில் வேறு மெட்டு இல்லை.

"பாடு!" அட்யேரி கத்தினாள். மூட்டைகளை உயர்த்திக் காட்டினாள். "இவங்களுக்குப் பாடு!"

அவன் அந்த இரண்டு துணி மூட்டைகளையும் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஒருவர் அழைக்க மற்றவர்கள் பதில் சொல்லும் மன்றாட்டு மாலை ராகத்தில், கோவிலில் நிற்கிற அதே நிற்பில் ஆரம்பித்தான்.

"மச்சான் வீட்டு ஓட்டைக் குடமே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றாள் அட்யேரி, பழக்கதோஷத்தில்.

"மாமனாரின் தொங்கிய சுரைக்காயே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

நான் கேனைத் தட்டியபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவன் கண் மூடி ஒவ்வொரு உறுப்பாக அழைக்க, அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல, இருவரும் சேற்றில் மிதித்து மிதித்து ஆடினார்கள். பார்த்த ஒரு லாரிக்காரன் நிறுத்தாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு விரட்டிப் போனான்.

ஆட்டம் முடிந்ததும் பயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை. பாகல் கொடியை ஆற்றில் விட்டுவிட்டு மறுபடி நடந்தபோது அட்யேரி மெல்லக் கேட்டாள், "கேட்டிருக்குமா அத்வோகி?"

"தெரியலையே," என்றான் அவன். அதுதான் என்னைக் கலங்க வைத்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன் அவன்.

எங்கள் கூட்டத்தைப் போய்ப் பிடித்தோம். அட்யேரிக்குக் காய்ச்சல், படுக்க வைத்தோம் என்று பங்குச் சாமியாரிடம் நான் ஒரு கதை விட்டேன். கிபோகா போயிற்று, புகோமேரோ போயிற்று. கொப்புளம் காய்ந்து தோல் உரிந்தது. அட்யேரி அந்தத் தோலைக் கிள்ளிப் போடாமல் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவன் ஜெபத்தை நடத்தினான், ஆனால் மன்றாட்டு மாலை வந்தால் மட்டும் வேறு யாரையாவது சொல்லச் சொன்னான்.

புசுன்ஜு தாண்டி ஒரு மேட்டில் வேகவைத்த மரவள்ளியும் கறுப்புத் தேநீரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கரி லாரி நின்றது. மூட்டை மேலிருந்து ஒருத்தன் இறங்கினான். தலை முதல் கால் வரை கரி. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான்.

"குகோன்சா," என்றாள் அட்யேரி. அவள் தேநீர் கொட்டியது.

முகென்யியின் தம்பி. பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்களோ அந்தக் குகோன்சா. எங்கள் பக்கம் வீட்டில் இருக்க வேண்டியவன் ஒருத்தன் அத்தனை தூரம் தேடி வந்தான் என்றால், என்ன சேதி கொண்டு வந்தான் என்று யாரும் கேட்பதில்லை. பெண்கள் எழுந்து நின்றார்கள். யாரோ ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்தாள், அழுவதற்குத் தயாராக. 

குகோன்சா அண்ணன் முன்னால் வந்து நின்றான்.  தோளைத் தொட்டான். முழங்கையை அமுக்கினான். கன்னத்தைக் கிள்ளினான்.

"சூடா இருக்கே அண்ணே."

"டேய்..."

"புள்ளைங்க எங்கடா?" அட்யேரி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ம்?"

"புள்ளைங்க! குகோன்சா! புள்ளைங்க!"

"வீட்லதான்," என்றான் அவன், அதை ஏன் கேட்கிறாள் என்று புரியாமல். "எங்க போவாங்க? இசிங்கோமா என் செருப்பக் கிணத்துல போட்டுட்டான். நியகாட்டோ மத்தச் செருப்பப் போட்டுட்டா. பாரு." அவன் வெறுங்காலோடு இருந்தான்.

அட்யேரி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. முகென்யி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

"அப்ப நீ எதுக்குடா இப்படி எமன் மாதிரி வந்து நிக்கற?" என்று நான் கத்தினேன்.

குகோன்சா அழுதான். கரி மேல் கண்ணீர் இரண்டு சாலை போட்டது.

"அம்மாதான் அராலி அண்ணே. நீங்க கோவில் கொடியத் தூக்கிட்டு வளைவத் தாண்டினீங்கல்ல, அதுக்குள்ள முரசைக் கொண்டாந்துட்டா. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்திருக்கா. அண்ணி வீட்டு ஆளுங்க வாழத்தோட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்காங்க. எல்லாரும் ஆடினாங்க. நல்லாத்தான் ஆடினாங்க. அண்ணிக்குப் பதிலா அவங்க குலத்துல எந்தப் பொண்ணும் ஆடலாம். அப்பனா ஆடறதுக்கு ஆள் வேணும்ல?"

வரிசையில் இருந்தவர்கள் தேநீர்க் குவளைகளைக் கீழே வைத்தார்கள்.

"யார் ஆடினது?" என்று கேட்டேன், பதில் தெரிந்துகொண்டே.

"நான்."

உயிரோடு இருக்கிற அப்பனுக்காக எங்களிடம் யாரும் ஆடுவதில்லை. அப்பன் செத்திருந்தால்தான் தம்பி இறங்குவான்.

"ஆடறப்ப தோணலண்ணே. வாழப்பழச் சாராயம் வேற. முடிஞ்சதும் பக்கத்து வீட்டுக் கிழவி என் தலையத் தடவி, 'முகென்யி நல்ல மனுஷனா இருந்தான், பாவம்'னா. எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. அண்ணனக் கொன்னுட்டேனோன்னு. நாலஞ்சு நாளு தாங்கினேன். அப்புறம் லாரி ஏறிட்டேன். ஒவ்வொரு ஊர்லயும் எறங்கி, ஹோய்மா ஆளு யாராவது செத்துப்போயிட்டாங்களான்னு கேட்டுட்டே வந்தேன். காஃபுகிட்ட ஒருத்தன் சொன்னான், ஒரு நெட்டையன் பாகக் கொடியச் சுத்திக்கிட்டுப் பாலத்துல பேய் மாதிரி ஆடினான், ஆத்துல விழுந்திருப்பான்னு..."

நான் முகென்யியைப் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை. பங்குச் சாமியார் இரண்டு பேரையும் பார்த்தார்.

நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அட்யேரி கையை உயர்த்தினாள். அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். உட்கார்ந்தபடியே விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாங்க கெளம்பின அன்னைக்கேவா ஆடினீங்க?"

"அன்னைக்கேதான் அண்ணி."

"நாங்க ஆத்தத் தாண்டறதுக்கு முன்னாடி."

"ஆமா."

"எரிஞ்சது அதுக்கு அப்புறம்." அவள் முகத்தில் இருந்த நிம்மதி, துணியை உருவின மாதிரி போய்விட்டது. "அப்ப எரிச்சது புள்ளைங்க இல்ல. அவங்களுக்கு ஆடியாச்சு, அவங்க குளுந்தாச்சு. இவனத்தான் செத்தவன்னு ஆடிக் காட்டிட்டாங்க, அதான்..."

 எழுந்தாள். முகென்யியின் மணிக்கட்டைப் பிடித்தாள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரிப் பிடி.

"பூச்சிதான் அட்யேரி," என்றான் அவன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"பூச்சிதான்," என்றாள் அவள். கையை விடவில்லை.

அவள் அந்தக் கையோடுதான் காகிரி வந்தாள். அந்தக் கையோடு வாகிசோ வந்தாள். எங்கள் ஜனத்தில் பெண்டாட்டியும் புருஷனும் சாலையில் கை கோத்துப் போவதில்லை. அப்படிப் போனால் ஒன்று குடித்திருக்க வேண்டும், இல்லை வெள்ளைக்காரராக இருக்க வேண்டும். பெண்கள் சால்வைக்குள் சிரித்தார்கள். அவன் குளிக்கப் போனால் அவள் தகரக் கதவுக்கு வெளியே நின்று, "இருக்கியா?" என்று கேட்பாள். "இருக்கேன்," என்று உள்ளேயிருந்து வரும். சோப்புப் போடும்போது, "இருக்கியா?" தலை துவட்டும்போது, "இருக்கியா?" அவன் ஒருமுறை பதில் சொல்லத் தாமதித்தான், கதவு பிய்ந்து வந்துவிட்டது.

நமுகோங்கோவில் நாடு முழுவதும் வந்திருந்தது. மணலைக் கொட்டினால் கீழே விழாது, அத்தனை தலை. பெரிய கோவிலை நோக்கிய வரிசையில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சூரியன் அவன் கழுத்தில் புதிதாக வந்த வெளிறிய தோலில் விழுந்தது. எங்கள் பங்குச் சாமியார் எதிரே வந்து, கோத்திருந்த கையைப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார்.

முகென்யி கூசிப் போனான். "விடு அட்யேரி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்," என்றாள் அவள், கையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கி. "நீ இருக்கறத நாலு பேரு பாக்கட்டும்."